டாவின்சிக்கு முதல் மதிப்பெண், வேலை கேடென்லைவுக்கு

காசு கொடுக்காமல் கிடைக்கிற நல்ல எடிட்டிங் மென்பொருள் எது என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் யோசிக்காமல் வருகிற பெயர் டாவின்சி ரிசால்வ். தவறான பதில் என்று சொல்லிவிட முடியாது. இலவசமாகக் கிடைப்பவற்றில் தரத்தால் அதை மிஞ்சியது எதுவும் இல்லை. ஆனால் கேட்பவர் எதை எடுக்கப்போகிறார், எந்தக் கணினியில் உட்காரப்போகிறார், அவர் கையில் எத்தனை மாலைகள் இருக்கின்றன என்று எதையும் விசாரிக்காமல் சொல்லப்படும் பதில் அது. மென்பொருளை மட்டும் வைத்துப் போட்ட மதிப்பெண் பட்டியலில் முதலிடம் பிடித்தது, நம் வேலைக்கும் முதலிடம் பிடிக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆகவே முதலில் வேலையைத் தீர்மானித்துக்கொள்வோம். ஓர் ஊர்ப் பள்ளிக்கு நூறு வயது. விழாவில் காட்ட இருபது நிமிடப் படம் ஒன்று வேண்டும். பழைய மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று பலரின் பேட்டிகள் இரண்டு கைப்பேசிகளில் மூன்று மணி நேரத்துக்குப் பதிவாகியிருக்கின்றன. குரல் தெளிவாக இருக்கட்டும் என்று சட்டைப்பையில் இன்னொரு கைப்பேசியை வைத்துத் தனியாக ஒலிப்பதிவும் செய்தாயிற்று. ஸ்கேன் செய்த வகுப்புப் புகைப்படங்கள் ஒரு கட்டு. எடிட் செய்யப்போகிறவர் அந்தப் பள்ளியில் படித்தவர்; இதற்குமுன் எடிட்டிங் செய்ததில்லை. வீட்டில் இருப்பது விண்டோஸ் மடிக்கணினி, 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. இந்தப் படத்துக்குப் பிறகு அடுத்த படம் எப்போது என்று அவருக்கே தெரியாது.

இந்த வேலைக்கு ஐந்து கேள்விகளை அளவுகோலாக வைக்கலாம். கைப்பேசிக் காட்சிகளை அந்த மடிக்கணினியில் தடையில்லாமல் வெட்ட முடிகிறதா? தமிழ் எழுத்து ஒழுங்காக வருகிறதா? கடைசியில் வெளியே வரும் கோப்பில் வாட்டர்மார்க்கோ தரக் குறைப்போ இருக்கிறதா? முதல் வெட்டுப் போடுவதற்குள் எவ்வளவு கற்க வேண்டும்? சில ஆண்டுகள் கழித்து அதே படத்தைத் திறந்து ஒரு பெயரைத் திருத்த முடியுமா? விலையை நான் இந்த ஐந்தில் சேர்க்கவில்லை. இன்று சும்மா கிடைப்பவையே ஏராளம். விலை வேறு உருவங்களில்தான் வசூலாகிறது.

பணம் கொடுத்து வாங்குபவற்றை முதலில் பார்த்து ஒதுக்கிவிடலாம். அடோபியின் பிரீமியர் புரோவை இப்போது சொந்தமாக வாங்க முடியாது. 2013இலிருந்து அந்நிறுவனம் சந்தா முறைக்கு மாறிவிட்டது. ஆண்டு ஒப்பந்தத்தில் மாதத் தவணையாகக் கட்டுவது என்று சேர்ந்துவிட்டு நடுவில் விலகினால், மீதித் தொகையில் ஒரு பகுதியைக் கட்டணமாகக் கேட்கும். இந்தக் கட்டணத்தை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று அமெரிக்க அரசு 2024இல் வழக்கே தொடுத்தது. இரண்டு மாத வேலைக்கு ஆண்டு ஒப்பந்தம் எதற்கு? ஆப்பிளின் ஃபைனல் கட் புரோவை 299.99 டாலருக்கு ஒரே முறையில் வாங்கிக்கொள்ளலாம் என்றாலும் மேக் கணினி வேண்டும். மேக் வைத்திருப்பவருக்கோ ஐமூவி இலவசமாகவே இருக்கிறது. அதில் அடுக்குகள் குறைவு என்றாலும் இருபது நிமிடப் படத்துக்குத் தாராளம். அவர் இந்தக் கட்டுரையை இத்துடன் நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

நம் ஊரில் வெளிப்படையாகப் பேசப்படாத போட்டியாளர் ஒன்று உண்டு: பென் டிரைவில் கைமாறும் கிராக் பிரீமியர். சட்டப்படி தவறு என்பதோடு நடைமுறையிலும் அது மலிவானதல்ல. கிராக் கோப்பை ஓட்டுவதற்கு ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அதே மடிக்கணினியில்தான் குடும்பத்தின் வங்கி வேலைகளும் நடக்கின்றன. அப்டேட் வராது. நூறாண்டுப் பள்ளிக்கு எடுக்கும் படத்தைத் திருட்டு மென்பொருளில் முடிப்பதில் உள்ள சங்கடத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அடுத்தது, இலவசம் என்று அழைத்துவிட்டு வாசலில் வசூலிப்பவை. ஃபில்மோராவில் எல்லாம் எளிது. முழுப் படத்தையும் வெட்டி முடித்து எக்ஸ்போர்ட் செய்யும்போதுதான் வாட்டர்மார்க் குறுக்கே நிற்கும். கைன்மாஸ்டரின் இலவசப் பதிப்பும் அப்படியே. லைட்வொர்க்ஸுக்குப் பெரிய பரம்பரை உண்டு. மார்ட்டின் ஸ்கோர்செசியின் படத்தொகுப்பாளர் தெல்மா ஸ்கூன்மேக்கர் பல ஆண்டுகள் அதில்தான் வெட்டினார். ஆனால் அதன் இலவசப் பதிப்பு 720பி தரத்துக்கு மேல் வெளியே தராது. விழா மண்டபத்துப் பெரிய திரையில் பழைய புகைப்படத்தின் முகங்கள் மங்கிப்போகும். மாலை மாலையாக உழைத்தபின் வெளியேறும் இடத்தில் வைக்கப்படும் இந்தக் கட்டணமே அமெச்சூர்களிடம் அதிகம் பலிக்கிறது. அந்நேரத்தில் வேறு மென்பொருளுக்கு மாறுவதற்கு யாருக்கும் தெம்பு இருக்காது. அதனால் எந்த மென்பொருளையும் எக்ஸ்போர்ட் பக்கத்திலிருந்து சோதிக்கத் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

கேப்கட் பற்றிக் கேட்பார்கள். டிக்டாக்கின் பைட்டான்ஸ் நிறுவனம் உருவாக்கியது. இந்தியாவில் முறையாகக் கிடைப்பதில்லை. அமெரிக்காவிலும் 2025 ஜனவரியில் டிக்டாக்கோடு சேர்ந்து அதுவும் சில காலம் முடங்கியது. விழாத் தேதி குறித்த படத்தை அரசியல் முடிவுகளுக்கு ஆளாகும் செயலியில் வைப்பது சரியல்ல. விண்டோஸ் 11உடன் வரும் கிளிப்சாம்ப் நேர்மையானது. வாட்டர்மார்க் இல்லாமல் 1080பி தருகிறது. ஐந்து நிமிட வாழ்த்துப் படத்துக்கு அதுவே போதும். மூன்று மணி நேரப் பேட்டிகளைத் தரம் பிரித்து, தனியாகப் பதிந்த ஒலியைச் சேர்த்து, திரும்பத் திரும்ப மாற்றுகிற வேலைக்கு அது கட்டப்படவில்லை.

வடிகட்டியபின் மிஞ்சுபவை மூன்று: டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, கேடென்லைவ், ஷாட்கட். ஓப்பன்ஷாட்டையும் சேர்க்கச் சொல்வோர் உண்டு. பழக எளிது என்றாலும் டைம்லைன் நீளநீளத் தடுமாறுகிறது என்ற புகார் அதன்மீது நெடுநாளாக இருக்கிறது. விட்டுவிடுகிறேன்.

ரிசால்வுக்கு உரிய மரியாதையைச் செய்துவிட வேண்டும். 1984இல் அமெரிக்காவில் தொடங்கிய டாவின்சி சிஸ்டம்ஸ், திரைப்படங்களின் நிறத்தைச் சீர்செய்யும் விலையுயர்ந்த கருவிகளைச் செய்துவந்தது. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் 2009இல் அதை வாங்கி, சாதாரணக் கணினிக்குக் கொண்டுவந்து, பின்னர் இலவசப் பதிப்பையும் வெளியிட்டது. அதன்பின் ஒலிக்கு ஃபேர்லைட், காட்சி வித்தைகளுக்கு ஃபியூஷன் என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. கேமராவும் ஸ்டுடியோ உபகரணங்களும் விற்கிற நிறுவனம் அது. மென்பொருளைக் கொடுத்து ஆட்களைத் தன் பக்கம் இழுப்பது அதற்கு வியாபாரம். நமக்கு அதில் நஷ்டமில்லை. இலவசப் பதிப்பு 4கே வரை வாட்டர்மார்க் இல்லாமல் தருகிறது. கட்டணப் பதிப்பான ஸ்டுடியோவுக்கு 295 டாலர், ஒரே முறைதான். ஒரு கண்ணி மட்டும் உண்டு: ஸ்டுடியோவுக்கே உரிய சில எஃபெக்டுகள் இலவசப் பதிப்பின் பட்டியலிலும் தென்படும், அவற்றை இழுத்துப் போட்டால் அந்தக் காட்சியில் வாட்டர்மார்க் விழும்.

இனி அதே மென்பொருளை நம் மடிக்கணினியில் ஏற்றுவோம். பிளாக்மேஜிக்கே 16 ஜிபி ரேம் வேண்டும் என்கிறது. ஃபியூஷனையும் தொட்டால் 32. ரிசால்வ் தன் கணக்குகளில் பெரும்பகுதியை கிராஃபிக்ஸ் கார்டின் தலையில் போடுகிறது. நல்ல கார்டு இருக்கும் கணினியில் அதன் வேகம் வியக்க வைப்பது இதனால்தான். கார்டே இல்லாத கணினியில் அது திணறுவதும் இதனால்தான். 8 ஜிபியில் திறக்கும். இரண்டு மூன்று அடுக்குகள் போட்டு நிறத்தையும் தொட்டபின், கிராஃபிக்ஸ் நினைவகம் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு வந்து நிற்கும். ரிசால்வ் ஓட வேண்டும் என்பதற்காகவே ஒருவர் புதுக் கணினி வாங்கினால், அதன்பின் அந்த மென்பொருளை இலவசம் என்று சொல்ல முடியாது.

கேடென்லைவின் கதை நேர் எதிர். லினக்ஸ் உலகில் 2002இல் பிறந்தது. இன்று கேடிஇ என்ற திறந்தமூல மென்பொருள் சமூகத்தின் ஆதரவில் விண்டோஸுக்கும் மேக்குக்கும் கிடைக்கிறது. உள்ளே ஓடுவது எம்எல்டி என்ற திறந்தமூல இயந்திரம். ஷாட்கட்டின் அடியில் ஓடுவதும் அதே எம்எல்டிதான். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டான் டென்னடிதான் ஷாட்கட்டையும் வளர்ப்பவர். இரண்டும் எஃபெக்டுகளைப் பெரும்பாலும் பிராசஸரிலேயே கணக்கிடுகின்றன. ஆகவே எக்ஸ்போர்ட் மெதுவாக நடக்கும். இருபது நிமிடப் படத்தை இரவில் போட்டுவிட்டுத் தூங்கப்போகலாம். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியை அவை தள்ளிவைப்பதில்லை. ரிசால்வில் பலமாக இருப்பதே நமக்குத் தடையாகிறது, இவற்றின் பலவீனமே நமக்கு வழி திறக்கிறது.

கைப்பேசிக் காட்சிகளில் வேறு சிக்கல் ஒன்று இருக்கிறது. கைப்பேசி நொடிக்கு 30 ஃபிரேம் என்று சொன்னாலும் அதைச் சீராகப் பிடிப்பதில்லை. வெளிச்சம் குறைந்த வகுப்பறையில் வேகத்தைக் குறைக்கும், சன்னல் பக்கம் திரும்பினால் கூட்டும். ஒலியோ நொடிக்கு 48,000 மாதிரிகள் என்று பிசகாமல் பதிவாகும். எடிட்டிங் மென்பொருள் எல்லா நொடிகளிலும் 30 ஃபிரேம் இருப்பதாக நம்பி அடுக்கினால், பேட்டியின் தொடக்கத்தில் உதடும் குரலும் ஒத்துப்போகும். அரை மணி நேரம் கழித்து ஆசிரியர் வாயை மூடியபின் அவர் குரல் கேட்கும். புதியவர் இதற்கு மென்பொருளைத் திட்டுவார், அல்லது ஒவ்வொரு வெட்டிலும் ஒலியைக் கையால் தள்ளித் தள்ளி வைப்பார். கேடென்லைவும் ஷாட்கட்டும் இத்தகைய கோப்பைக் கண்டதும் எச்சரித்து, எடிட்டிங்குக்கு ஏற்ற சீரான கோப்பாக மாற்றித் தரட்டுமா என்று கேட்கின்றன. ரிசால்வில் வெட்டுவதானால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, மாறாத ஃபிரேம் வேகத்துக்கு முதலிலேயே மாற்றிக்கொள்வது நல்லது. வழி தெரிந்தவருக்கு இது சின்ன வேலை. இப்படியொரு வேலை இருப்பதே தெரியாதவருக்கு அந்த எச்சரிக்கை பெரிய உதவி.

பளு குறைக்க இன்னொரு ஏற்பாடு பிராக்ஸி. கைப்பேசியின் கோப்பில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. சில மட்டுமே முழுசு, மற்றவை முந்தையதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு. பார்ப்பதற்கு இது போதும். நினைத்த இடத்தில் வெட்ட வேண்டுமானால் பிராசஸர் பின்னால் போய்க் கூட்டிக்கழித்து அந்த ஃபிரேமை உருவாக்க வேண்டும். சிறிய அளவில் நகல் எடுத்து அதை வெட்டி, எக்ஸ்போர்ட்டில் மட்டும் மூலத்தைப் பயன்படுத்துவதே பிராக்ஸி. மூன்று மென்பொருளிலும் இந்த வசதி உண்டு. இதைவிட எளிய சிக்கனம் படம்பிடிக்கும்போதே இருக்கிறது. ஐபோனின் கணக்குப்படி, 30 ஃபிரேம் வேகத்தில் 4கே நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, 1080பி என்றால் 60 எம்பி. மூன்று மணி நேரத்துக்கு முதலாவது 30 ஜிபியைத் தாண்டும். இரண்டாவது 11 ஜிபிக்குள் அடங்கும். விழா மண்டபத்துப் புரொஜெக்டருக்கு 1080பி போதும்.

தமிழ் எழுத்தில்தான் பல பெரிய பெயர்கள் சறுக்கியிருக்கின்றன. 'கொ' என்று தட்டினால் கணினியில் பதிவாவது ககரமும் அதன்பின் ஓர் ஒகரக் குறியும். திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை எழுத்துக்கு முன்னும் காலைப் பின்னும் நிறுத்த வேண்டும். இதைச் செய்யத் தெரியாத மென்பொருளில் எழுத்தும் குறியும் தனித்தனியாக விழும், அல்லது புள்ளி வட்டம் முளைக்கும். பிரீமியரிலேயே அமைப்புகளுக்குள் போய்த் தெற்காசிய எழுத்துக்கான இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தத் தொல்லைக்கு அஞ்சித்தான் நம் வடிவமைப்பாளர்கள் இன்றும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவற்றில் தட்டியதை சப்டைட்டிலாக யூடியூபுக்குக் கொண்டுபோக முடியாது, தேடினாலும் கிடைக்காது. கேடென்லைவின் டைட்டில் பகுதி கியூட்டி என்ற திறந்தமூலக் கட்டமைப்பின் எழுத்து முறையைப் பயன்படுத்துவதால் யூனிகோடு தமிழ் அதில் ஒழுங்காக நிற்கிறது. ரிசால்வில் பதிப்புக்குப் பதிப்பு நிலைமை மாறிவந்திருக்கிறது. 'பொன்னுசாமி', 'கோவிந்தராசு', 'ஸ்ரீதேவி' என்ற மூன்று பெயர்களைத் தட்டிப் பார்த்தால் எந்த மென்பொருளின் தமிழும் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கற்கும் சுமையிலும் வேறுபாடு உண்டு. கட், எடிட், ஃபியூஷன், கலர், ஃபேர்லைட் என்று ரிசால்வ் தனித்தனிப் பக்கங்களாகப் பிரிந்திருக்கிறது. தொழில் செய்பவருக்கு அது வசதி. நமக்கு வேண்டிய வெட்டு, ஒட்டு, பெயர்ப்பலகை, ஒலி மட்டம் ஆகிய நான்குக்காக அதைப் பழகுவது இரண்டு படி மாவரைக்க ரைஸ் மில்லைக் குத்தகைக்கு எடுப்பதற்குச் சமம். ஷாட்கட் மூன்றிலும் எளிது, எடையும் குறைவு. ஆனால் பேட்டிப் படத்துக்குத் தேவையான ஒழுங்கு கேடென்லைவில்தான் கைக்கு அடக்கமாக இருக்கிறது. காட்சிகளைக் கோப்புறைகளாகப் பிரிக்கலாம். நல்ல வாக்கியம் வரும் இடத்தில் குறியிட்டுப் பெயர் எழுதலாம். சட்டைப்பையில் பதிந்த ஒலியைக் கேமரா ஒலியோடு அலைவடிவம் பார்த்துத் தானே பொருத்தச் சொல்லலாம். சப்டைட்டிலை அதிலேயே எழுதித் தனிக் கோப்பாக எடுக்கலாம்.

மறுபடி திறப்பது என்ற கேள்வியிலும் தராசு அதே பக்கம்தான் சாய்கிறது. கேடென்லைவ், ஷாட்கட் இரண்டின் வேலைக் கோப்பும் எக்ஸ்எம்எல் வடிவிலான எழுத்துக் கோப்பு; காட்சிகள் இருக்கும் கோப்புறையோடு நகலெடுத்தால் வேறு கணினியிலும் திறக்கலாம். ரிசால்வ் தன் வேலைகளைத் தனி டேட்டாபேஸில் வைக்கிறது. எக்ஸ்போர்ட் செய்து எடுத்துவைக்காமல் கணினியை ஃபார்மட் செய்தால் அத்தனையும் போகும்.

எதிர்வாதங்கள் மூன்று இருக்கின்றன, மூன்றும் லேசானவை அல்ல. கேடென்லைவ் நடுவில் நின்றுபோகும் என்பது முதலாவது. அந்தப் பெயர் அதற்கு நியாயமாகவே வந்தது. 2019இல் டைம்லைன் பகுதியைத் திருத்தி எழுதியபின் நிலைமை தேறியிருக்கிறது என்றாலும் ரிசால்வின் உறுதி இன்னும் வரவில்லை. வேலையின் பின்பிரதிகளை அது தானாகச் சேமித்துவைப்பதால் இழப்பு சில நிமிடங்களோடு நிற்கும். இருந்தாலும் எரிச்சல் எரிச்சல்தான். இரண்டாவது, நிறம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த பேட்டியையும் வெயிலில் எடுத்ததையும் ஒத்துப்போகச் செய்வதில் ரிசால்வின் பக்கத்தில் எதுவும் நிற்க முடியாது. பள்ளி விழாப் படத்தில் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை. குரல் கேட்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

மூன்றாவதுதான் வலுவானது: எதற்கு இந்தப் பாடு, ஊரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோவில் கொடுத்துவிடலாமே? அங்கே எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளோ பிரீமியரோ இருக்கும், கை பழகிய எடிட்டரும் இருப்பார். பத்து நிமிடப் பாராட்டுப் படம் என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் மூன்று மணி நேரத்தில் எந்த இருபது நிமிடம் என்பதுதான் இந்தப் படத்தின் உண்மையான எடிட்டிங். 1970களின் சத்துணவுக் கூடம் என்று ஒருவர் பேச்சுவாக்கில் தவறாகச் சொல்வதை வெட்ட வேண்டும், ஓர் ஆயாவின் பெயர் வரும் இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதெல்லாம் ஊர்க்காரருக்கே தெரியும். ஸ்டுடியோவில் அத்தனை நாள் உட்கார்ந்து சொல்ல, வாடகைக்குப் பணமும் இருக்காது, எடிட்டருக்குப் பொறுமையும் இருக்காது.

கருவி படத்தை உண்டாக்குவதில்லை என்பதற்குச் சினிமா வரலாற்றில் சான்றுகள் உண்டு. ஜோனதன் கவெட் தன் வாழ்க்கையைப் பற்றிய 'டார்னேஷன்' ஆவணப்படத்தை ஐமூவியில் வெட்டினார். செலவு 218 டாலர் என்று பேசப்பட்டது. திரையரங்குக்குப் போனபோது இசை உரிமைக்கும் ஒலிக்கும் அதைப்போலப் பல மடங்கு ஆனது. 2019இல் வந்த 'பாரசைட்', ஆப்பிள் 2011இலேயே கைவிட்டுவிட்ட ஃபைனல் கட் புரோ 7இல் வெட்டப்பட்டது. அதன் எடிட்டருக்குப் பழகிய கருவி அது. 'டார்னேஷன்' இசை உரிமைக்குச் செலவழித்ததில் நம் படத்துக்கும் எச்சரிக்கை இருக்கிறது: பின்னணியில் சினிமாப் பாட்டைப் போட்டால் எந்த மென்பொருளும் யூடியூபின் உரிமைச் சோதனையிலிருந்து காப்பாற்றாது.

தீர்ப்பு இது. மேலே சொன்ன வேலைக்கும் கணினிக்கும் கேடென்லைவ். 4 ஜிபி ரேமோடு மூச்சுவாங்கும் பழைய கணினி என்றால் ஷாட்கட். 16 ஜிபியும் கிராஃபிக்ஸ் கார்டும் ஏற்கெனவே இருந்து, எடிட்டிங்கைத் தொழிலாகவோ நெடுநாள் பழக்கமாகவோ வைத்துக்கொள்ள எண்ணம் உண்டென்றால் ரிசால்வ். அப்போது கற்கும் காலம் முதலீடாகும். இந்த மூன்று நிலையிலும் பணம் கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. செலவழிக்கப் பணம் இருந்தால், சட்டையில் செருகும் நல்ல மைக்குக்கும், பிரதி எடுத்துவைக்க ஒரு வெளி ஹார்டு டிஸ்க்குக்கும் கொடுங்கள்.

இந்தத் தீர்ப்பையும் அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் சொந்தக் காட்சியில் மூன்று நிமிடம் எடுத்து, இரண்டு வெட்டு, ஒரு புகைப்படம், தமிழில் ஒரு பெயர்ப்பலகை போட்டு, 1080பி எம்பி4 ஆக எக்ஸ்போர்ட் செய்து, விழா மண்டபத்துப் புரொஜெக்டரிலேயே ஓட்டிப் பாருங்கள். நொடிக்கு 8 மெகாபிட் வைத்தால் முழுப் படமும் 1.2 ஜிபிக்குள் பென் டிரைவில் அடங்கும். அந்தச் சோதனையில் தேறாத மென்பொருள், உலகம் முழுக்கப் புகழ்ந்தாலும் உங்களுக்கு ஆகாது.